நல்லவர்தான், ஆனால் ஜெயிப்பாரா?

2019 ஆகஸ்டில் ஜில் பைடன் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கணவர் ஜோ பைடனுக்காக ஆதரவு கேட்டுப் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உங்களுக்குப் பிடித்த வேட்பாளர் மருத்துவக் காப்பீடு மாதிரி விஷயங்களில் ஜோவைவிட மேலானவராகவே இருக்கலாம். ஆனால் டிரம்ப்பை யார் தோற்கடிப்பார் என்று பாருங்கள். அதற்காகக் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தாலும் தேற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு ஓட்டுக் கேட்கிற லட்சணமா இது என்று அப்போது பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த வருடம் ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த மொத்த விவாதத்தையும் அவர் நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டார். எட்டு மாதத்தில் அந்த வாதம்தான் ஜெயித்தது. பைடன் வேட்பாளரானார், அப்புறம் அதிபரும் ஆனார்.

ஒருவரின் கொள்கை, திறமை, நேர்மை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, ‘பொதுத்தேர்தலில் இவர் ஜெயிப்பாரா?’ என்று மட்டும் கேட்பதுதான் வெற்றி வாய்ப்பு வாதம். அமெரிக்க அதிபர் தேர்தல் செய்திகளைப் படிக்கிறவர்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்காமல் தப்ப முடியாது. கேட்க எளிமையான கேள்வி. பதில் சொல்லப்போனால்தான் சிக்கல் தெரியும்.

முதலில் பின்னணி. நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலுக்கு முன், அந்த வருடம் ஜனவரி அல்லது பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி என்ற இரண்டு பெரிய கட்சிகளும் மாநிலம் மாநிலமாகத் தங்களுக்குள் ஒரு தேர்தல் நடத்துகின்றன. அதற்குப் பெயர் பிரைமரி. சில மாநிலங்களில் அந்தக் கட்சிக்காரராகப் பதிவு செய்துகொண்டவர்கள் மட்டும் வாக்களிக்கலாம். சில மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் வரலாம். வாங்குகிற வாக்குக்கு ஏற்ப வேட்பாளருக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். கோடையில் நடக்கும் மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகள் யார் பக்கமோ அவர்தான் கட்சியின் வேட்பாளர்.

இதில் கவனிக்க வேண்டியது, முடிவு சாதாரணக் கட்சி ஆதரவாளர் கையில் இருக்கிறது என்பது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1968இல் அப்போதைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். மாநிலத் தலைவர்கள், பெருநகர மேயர்கள், தொழிற்சங்கப் பெரியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிவு செய்தார்கள். சிகாகோ மாநாட்டு அரங்குக்கு வெளியே போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல், நவம்பரில் நிக்சனிடம் தோல்வி. இதெல்லாம் முடிந்த பிறகு விதிகளை மாற்றினார்கள். 1972 முதல் பிரைமரிதான் எல்லாம்.

மாறியது அதிகாரம் மட்டுமில்லை. ‘யார் ஜெயிப்பார்’ என்று கணக்குப் போடுகிற வேலையும் தலைவர்களிடமிருந்து வாக்காளரிடம் வந்து சேர்ந்தது. அயோவாவில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர், தனக்கு யார் வேண்டும் என்று மட்டும் யோசித்தால் போதாது. பென்சில்வேனியாவில் முகம் தெரியாத ஒருவர் பத்து மாதம் கழித்து என்ன செய்வார் என்றும் யோசிக்க வேண்டும். அந்த முகம் தெரியாத நபரைச் சுற்றித்தான் இந்த விவாதம் முழுவதும் நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் நடக்கும் பேரம்

இந்தக் கணக்கை மனிதர்கள் வாய்விட்டுப் போடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அயோவா மாநிலத்தின் காக்கஸ் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரைமரிக்குப் பதிலாக ஜனநாயகக் கட்சி 2020 வரை அங்கே நடத்திய முறை இது. குளிர்கால இரவு, வெளியே பனி. வாக்குச்சாவடி, திரை, ரகசியம் எதுவும் கிடையாது. ஊர்ப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்திலோ, தேவாலயக் கூடத்திலோ எல்லாரும் வந்து கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலான இடங்களில் கூட்டத்தில் 15 சதவீதம் பேராவது இல்லாத அணி கலைய வேண்டும். அந்த அணியில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். உடனே மற்ற அணிகளிலிருந்து ஆட்கள் ஓடி வருவார்கள். வருகிறவர் அந்நியர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் டீச்சர். எங்கள் ஆள்தான் நவம்பரில் ஜெயிப்பார், வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். இரண்டாம் விருப்பம் என்று வரும்போது ‘எனக்குப் பிடித்தவர்’ என்ற பேச்சு குறைந்து ‘ஜெயிக்கிறவர்’ என்ற பேச்சு தூக்கலாக இருப்பது இயல்புதானே.

2004இல் இந்தக் கூடங்களில்தான் ஹோவர்ட் டீன் கவிழ்ந்தார். வெர்மான்ட் மாநில முன்னாள் ஆளுநர், தொழிலால் டாக்டர். இராக் போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். இணையம் வழியாகச் சிறு சிறு தொகையாக நன்கொடை திரட்டிக் காட்டியவர். 2003 முடியும்போது அவர்தான் முன்னணியில் இருந்தார். கட்சித் தொண்டர்களுக்கு அவர்மேல் உண்மையான பிரியம். ஆனால் ஜார்ஜ் புஷ் போர்க்கால அதிபர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வரும் முதல் அதிபர் தேர்தல். போரை எதிர்க்கும் டாக்டரை ‘தேசப் பாதுகாப்பில் பலவீனமானவர்’ என்று புஷ் ஒரே அடியில் சாய்த்துவிடுவார் என்ற பயம் பரவியது.

அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்தார் ஜான் கெர்ரி. செனட்டர், வியட்நாம் போரில் பதக்கம் வாங்கியவர். காக்கஸுக்கு இரண்டு நாள் முன்னால், வியட்நாமில் ஆற்றில் விழுந்த தன்னைக் கெர்ரிதான் தூக்கிக் காப்பாற்றினார் என்று ஒரு முன்னாள் ராணுவ வீரர் அயோவாவுக்கே வந்து மேடையில் நின்றார். அவர் குடியரசுக் கட்சிக்காரர் என்பது கூடுதல் பலம். ‘எதிர்க்கட்சி ஆளே ஆதரிக்கிறார் பார்’ என்பதைவிட இந்த வாதத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஜனவரி 19 இரவு கெர்ரிக்கு 38 சதவீதம், இன்னொரு போட்டியாளரான ஜான் எட்வர்ட்ஸுக்கு 32, டீனுக்கு 18. ‘டீனைக் காதலித்தேன், கெர்ரியைக் கட்டிக்கொண்டேன்’ என்பது அந்தப் பருவத்தில் பரவிய வாசகம்.

கெர்ரி பாஸ்டன் மாநாட்டில் சல்யூட் அடித்து, கடமைக்கு வந்துவிட்டேன் என்று சொல்லி வேட்பாளராக ஏற்றுக்கொண்டார். அடுத்து நடந்ததுதான் பாடம். எந்தப் போர்ச் சேவையைக் காட்டி ‘இவர் பாதுகாப்பான தேர்வு’ என்றார்களோ, அதையே எதிர்த்தரப்பு குறிவைத்தது. கெர்ரி தன் வியட்நாம் கதையை மிகைப்படுத்தினார் என்று முன்னாள் வீரர்களின் ஒரு குழு ஆகஸ்டில் தொலைக்காட்சி விளம்பரம் ஓட்டியது. கெர்ரி பதில் சொல்லத் தாமதித்தார். நவம்பரில், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் புஷ்ஷுக்கு 286, கெர்ரிக்கு 251. ஒஹையோ மாநிலத்தில் ஏறக்குறைய 1,18,000 வாக்குகளில் விதி முடிந்தது.

சரி, அப்படியானால் டீனை நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பாரா? யாருக்கும் தெரியாது, தெரியவும் வராது. வெற்றி வாய்ப்பு வாதத்தின் பெரிய ஓட்டை இதுதான். நவம்பர் பரீட்சையை எழுதுவது ஒரே ஒருவர். பிரைமரியில் தோற்றவர்களுக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. வேட்பாளர் தோற்றால் ‘அப்பவே சொன்னேன்’ என்பார்கள். ஜெயித்தால், வேறொருவர் இன்னும் அதிகமாக ஜெயித்திருப்பார் என்பார்கள். இரண்டையும் பொய்யென்று நிரூபிக்க வழியில்லை.

அப்படியானால் எதை வைத்துப் பேசுகிறார்கள்?

முதலில் கருத்துக்கணிப்பு. ‘எங்கள் ஆள் எதிர்க்கட்சி ஆளைவிட இத்தனை புள்ளி முன்னிலை’ என்று காட்டுவது. பார்க்க அறிவியல் மாதிரி இருக்கும். ஆனால் தேர்தலுக்குப் பல மாதம் முன்பு எடுக்கும் கணிப்பு, யாரை மக்களுக்குத் தெரியும் என்பதையும் அன்றைய மனநிலையையும்தான் பெரும்பாலும் அளக்கிறது. 1988 ஜூலையில் கட்சி மாநாடு முடிந்த கையோடு ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் 17 புள்ளி முன்னிலையில் இருந்தார். நவம்பரில் 40 மாநிலங்களில் தோற்றார். வளைகுடாப் போர் முடிந்த 1991 மார்ச்சில் அப்போதைய அதிபர் மூத்த புஷ்ஷுக்குக் கிட்டத்தட்ட 90 சதவீத ஆதரவு. இவரை வெல்ல முடியாது என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆர்கன்சா என்ற சின்ன மாநிலத்தின் ஆளுநர் துணிந்து இறங்கினார். அவர் பெயர் பில் கிளின்டன்.

2016 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஹிலரி கிளின்டனை எதிர்த்து நின்ற இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் காட்டியதும் கணிப்புதான். டிரம்ப்பை எதிர்த்தால் சாண்டர்ஸுக்குப் பத்துப் புள்ளி அளவுக்கு முன்னிலை, ஹிலரிக்கு அதைவிடக் குறைவு. ஹிலரி தரப்பின் பதில் அதே அளவுக்கு நியாயமானது: அவர்மேல் இன்னும் யாரும் சேறு அடிக்கவில்லை, என்மேல் 25 வருடமாக அடிக்கிறார்கள். எனக்குக் கணிப்பைவிட இந்தப் பதில்தான் கனமாகத் தோன்றுகிறது. தாக்கப்படாதவரின் செல்வாக்கு எப்போதும் கொஞ்சம் ஊதித்தான் தெரியும். ஆனால் தோற்றது ஹிலரிதான் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

அடுத்தது கொள்கைத் தூரம். மையத்துக்கு அருகில் இருப்பவர் ஜெயிப்பார், ஓரத்துக்குப் போனவர் தோற்பார் என்ற வாதம். இதற்குப் பெரிய சாட்சிகள் இரண்டு. 1964இல் குடியரசுக் கட்சி தீவிர வலதுசாரியான பாரி கோல்ட்வாட்டரை நிறுத்தி 6 மாநிலம் மட்டும் ஜெயித்தது. 1972இல் ஜனநாயகக் கட்சி இடதுசாரியான ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்தி, தலைநகர் வாஷிங்டனைத் தவிர, மாசசூசெட்ஸ் என்ற ஒரே மாநிலத்தோடு நின்றது. இன்றுவரை ஒரு கட்சி ஓரத்துக்கு நகரும்போதெல்லாம் இந்த இரண்டு பெயரையும் எடுத்துப் பயம் காட்டுவார்கள்.

வெறும் பயமுறுத்தல் என்றும் தள்ளிவிட முடியாது. அரசியல் அறிவியலாளர் ஆண்ட்ரூ ஹால் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 1980 முதல் 2010 வரை நாடாளுமன்றக் கீழவைக்கு நடந்த பிரைமரிகளில், தீவிரமானவரும் மிதமானவரும் மயிரிழையில் மோதிய இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார். தீவிரமானவர் வேட்பாளரான தொகுதிகளில், பொதுத்தேர்தல் வாக்கு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி வரை குறைந்திருந்தது. தீவிரமானவர் தன் கட்சிக்காரர்களை உசுப்பிவிடுவதைவிட எதிர்க்கட்சிக்காரர்களை அதிகமாக உசுப்பிவிடுகிறார் என்பது பின்னர் வந்த விளக்கம்.

ஆனால் அதிபர் தேர்தல் தொகுதித் தேர்தல் இல்லை. 1980இல் ரொனால்ட் ரீகனைப் பற்றி என்ன சொன்னார்கள் தெரியுமா? 69 வயது, முன்னாள் சினிமா நடிகர், ரொம்ப வலது. தீவிர வலதுசாரி நாடு தழுவிய தேர்தலில் ஜெயிக்க முடியாது என்று அவர் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே பேட்டி கொடுத்தார். எதிரில் ஜிம்மி கார்ட்டரின் ஆட்களோ, ரீகன் வந்தால் நமக்கு நல்லது என்று நினைத்தார்கள். ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 2016இல் டிரம்ப் விஷயத்தில் அதே வசனங்கள் திரும்ப ஓடின. அதன் முடிவு எல்லாருக்கும் தெரியும்.

கடினமான இடத்தில் ஜெயித்த வரலாறு, பணம், அனுபவம், புதிய வாக்காளரைக் கொண்டுவரும் சக்தி என்று இன்னும் சில உண்டு. கடைசியாகச் சொன்னதைச் சாண்டர்ஸ் 2020இல் பெரிதாக நம்பினார். வாக்களிக்காத இளைஞர்களை நான் அழைத்துவருவேன் என்றார். எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் வரவில்லை என்று மார்ச்சில் அவரே ஒப்புக்கொண்டார். பணத்தைப் பற்றி ஒரு வரி போதும்: பெரும் பணக்காரரான நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் அதே பிரைமரியில் சொந்தப் பணத்தில் 50 கோடி டாலருக்கு மேல் கொட்டி, அமெரிக்க சமோவா என்ற பசிபிக் தீவுப் பகுதியில் மட்டும் ஜெயித்தார்.

பக்கத்து வீட்டுக்காரரின் பாரபட்சம்

இந்த விவாதத்தில் மிகவும் சங்கடமான பகுதிக்கு வருவோம். ‘எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஆனால் மற்றவர்கள் ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போடுவார்களா? ஒரு கறுப்பினத்தவருக்குப் போடுவார்களா?’

கேட்கிறவர் பாரபட்சம் பார்ப்பவர் இல்லை. ஆனால் பிறருடைய பாரபட்சத்தைக் கணக்கில் எடுத்து ஓட்டுப் போடுகிறார். விளைவு என்னவோ ஒன்றுதான். அவர் பயப்படும் அந்தப் பிறரும், தங்களைவிட அடுத்தவர்தான் பாரபட்சக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தால்? யாரும் எதிர்க்காத ஒருவர், எல்லாரும் எதிர்ப்பார்கள் என்ற நம்பிக்கையாலேயே தோற்றுப்போவார். 2019இல் வந்த சில கருத்துக்கணிப்புகளில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. யாருக்கு ஓட்டு என்று கேட்டால் பைடன் பெயர் வரும். மந்திரக்கோல் கொடுத்து, தேர்தலே இல்லாமல் யாரை அதிபராக்குவீர்கள் என்று கேட்டால் இன்னொரு போட்டியாளரான செனட்டர் எலிசபெத் வாரன் பக்கம் ஆதரவு கூடும்.

2020 ஜனவரியில் இது குடும்பச் சண்டையாகவே வெடித்தது. 2018 டிசம்பரில் தனியாகச் சந்தித்தபோது, ஒரு பெண் ஜெயிக்க முடியாது என்று சாண்டர்ஸ் தன்னிடம் சொன்னதாக வாரன் சொன்னார். சாண்டர்ஸ் மறுத்தார். டெ மாய்ன் நகர விவாத மேடையில் அதைக் கேட்டபோது வாரன் கொடுத்த பதில் இந்த விவாத வரலாற்றிலேயே கூர்மையான ஒன்று: இந்த மேடையில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து பத்துத் தேர்தலில் தோற்றிருக்கிறார்கள்; நின்ற எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தவர்கள் இருவர்தான், ஏமி குளோபுஷாரும் நானும், அதாவது பெண்கள். கைதட்டல் பலமாக விழுந்தது. ஓட்டு விழவில்லை. மார்ச் தொடக்கத்தில் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே வாரன் மூன்றாம் இடத்துக்குப் போனார்.

கமலா ஹாரிஸ் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள தாய்வழிக் குடும்பம் என்பதால் நம்மவர்கள் அவரை உன்னிப்பாகப் பார்த்தார்கள். ஒரு பெண்ணை, அதுவும் வெள்ளையரல்லாத பெண்ணை, அதிபராக்க அமெரிக்கா தயாரா என்பது எல்லார் மனதிலும் இருக்கும் கேள்வி என்று 2019 அக்டோபரில் அவரே ஒரு பேட்டியில் போட்டு உடைத்தார். டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே, பணம் போதவில்லை என்று விலகினார். இங்கே சுழற்சியைக் கவனியுங்கள். ஜெயிக்க மாட்டார் என்றால் நன்கொடை குறையும். நன்கொடை குறைந்தால் விளம்பரம் குறையும், செய்தி குறையும், கணிப்பில் எண் இறங்கும். எண் இறங்கினால் ‘சொன்னேன் அல்லவா’. ஆருடம் சொன்னவர்களே அதைப் பலிக்கவும் வைக்கிறார்கள்.

இந்தச் சுழற்சி எதிர்த்திசையிலும் சுற்றும். பராக் ஒபாமா அதற்குச் சாட்சி. 2007இல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலருக்கே அவர்மேல் தயக்கம். ஆசை இல்லாமல் இல்லை. வெள்ளையர் ஓட்டுப் போடமாட்டார்கள், நம் ஓட்டு ஏன் வீணாக வேண்டும் என்ற நினைப்பு. 2008 ஜனவரி 3இல், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களாக இருக்கும் அயோவாவில் ஒபாமா 38 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தார். மூன்றே வாரத்தில் தென் கரோலினாவில் அவருக்கு 55 சதவீதம், ஹிலரிக்கு 27. ஒபாமா மாறவில்லை, கொள்கை மாறவில்லை. ‘மற்றவர்கள் போடுவார்கள்’ என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று நாளில் முடிந்த பிரைமரி

அதே தென் கரோலினா 2020இல் இன்னொரு வேலை செய்தது. பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். ‘நான்தான் ஜெயிப்பேன்’ என்று சொல்லித் திரிகிறவர் தொடர்ந்து தோற்றால் யார் நம்புவார்கள்? நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வெற்றி பெற்றதும், இனி அவர்தான் வேட்பாளர் என்று எழுதத் தொடங்கினார்கள். கட்சியின் மிதவாதிகளுக்கு மெக்கவர்ன் நினைவு வந்து தூக்கம் போனது.

பிப்ரவரி 26இல் தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார். ஜோவை நமக்குத் தெரியும், முக்கியமாக ஜோவுக்கு நம்மைத் தெரியும் என்றார். 29ஆம் தேதி பைடன் கிட்டத்தட்ட பாதி வாக்குகளை அள்ளினார். அங்கே ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் வயதானவர்கள் போட்ட கணக்கு உணர்ச்சிவசப்பட்ட கணக்கு இல்லை. வெள்ளையரில் எத்தனை பேர் எதுவரை வருவார்கள் என்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களின் கணக்கு.

மறுநாள் போட்டியிலிருந்த இன்னொரு மிதவாதி பீட் புட்டிஜெஜ் விலகினார். அதற்கு மறுநாள் குளோபுஷார் விலகினார். இருவரும் அன்றே டாலஸ் நகரில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மார்ச் 3 செவ்வாயன்று 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு, பைடனுக்கு 10. அவர் பிரசாரத்துக்கே பெரிதாகப் போகாத மாசசூசெட்ஸ், மின்னசோட்டா இரண்டும் அதில் அடக்கம். வாக்களித்துவிட்டு வந்தவர்களைக் கேட்டால், கருத்து ஒத்துப்போகிறவரைவிட டிரம்ப்பை வீழ்த்தக்கூடியவரே முக்கியம் என்றுதான் பல மாநிலங்களில் பெரும்பான்மையினர் சொன்னார்கள்.

இந்த வாதம் ஜெயித்ததற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை. அது செல்லுபடியாகாத உதாரணம் வேண்டுமென்றால் 2024இல் குடியரசுக் கட்சியைப் பாருங்கள். பிரைமரியில் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியிடம் எண்கள் இருந்தன. 2023 டிசம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளியிட்ட கணிப்பில் ஹேலி 51, பைடன் 34. டிரம்ப்பை நிறுத்தினால் இவ்வளவு இடைவெளி கிடையாது. ஹேலி இதை ஊர் ஊராகச் சொன்னார். நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப் 54, ஹேலி 43. ஆளுநராக இருந்த சொந்த மாநிலமான தென் கரோலினாவிலும் தோற்றார். வாஷிங்டன் நகரமும் வெர்மான்ட்டும் மட்டும் அவர் பக்கம் வந்தன.

அந்தக் கட்சி வாக்காளர்களுக்கு ஜெயிப்பதில் அக்கறை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. டிரம்ப்தான் ஜெயிக்கக்கூடியவர் என்று அவர்கள் நம்பினார்கள். மனிதர்கள் தாங்கள் விரும்புகிறவரே ஜெயிப்பார் என்று நினைக்கும் பழக்கம் உள்ளவர்கள். பலர் முதலில் வெற்றி வாய்ப்பைப் பார்த்து, பிறகு ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு அதற்குக் காரணமாக வெற்றி வாய்ப்பைச் சொல்கிறார்கள். 2020இல் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் விதிவிலக்காக இருந்ததற்குக் காரணம், 2016 தோல்வி அவர்கள் தன்னம்பிக்கையை அந்த அளவுக்கு உடைத்திருந்தது. கடைசியில் 2024 நவம்பரில் டிரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தார்.

எதிரில் தோற்றவர் ஹாரிஸ். இம்முறை பிரைமரியே சந்திக்காமல், பைடன் ஜூலை 21இல் விலகியதால் வேட்பாளரானவர். பெண் என்பதாலா, விலைவாசியாலா, 107 நாள் அவகாசம் போதாததாலா, பைடன் முன்பே விலகாததாலா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரே ஒரு தோல்வி, அதற்குப் பத்துக் காரணம். ஆளாளுக்குத் தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டு அடுத்த பிரைமரிக்குத் தயாராகிறார்கள்.

இனி யாராவது ‘இவர் ஜெயிக்க மாட்டார்’ என்றால், எங்கே என்று கேளுங்கள். அமெரிக்க அதிபரை நாடு தழுவிய மொத்த வாக்கு தீர்மானிப்பதில்லை. 538 தேர்வாளர் வாக்குகளில் 270 வேண்டும், பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போகும். 2016இல் ஹிலரி நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு கூடுதலாக வாங்கினார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000 வாக்குக் குறைவில் தோற்றார். 2020இல் பைடன் 70 லட்சம் வாக்கு முன்னிலை பெற்றும், அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து அவரைக் காப்பாற்றியது ஏறக்குறைய 43,000 வாக்குகள். அவை கைமாறியிருந்தால் 269க்கு 269 என்று சமனில் நின்றிருக்கும். ஆக, ‘நாட்டு மக்கள் ஏற்பார்களா’ என்று கேட்பதில் பெரிய பயனில்லை. இந்த ஐந்தாறு மாநிலங்களில், போன தடவை வராத யார் வருவார், வந்த யார் போவார் என்று சொல்லத் தெரிந்தவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு. அப்படிச் சொல்கிறவர்கள் அபூர்வம்.

சொல்கிறவர் யார் என்றும் பார்க்க வேண்டும். போட்டி வேட்பாளரின் ஆலோசகர் ‘அவர் தங்கமானவர், ஆனால்’ என்று ஆரம்பித்தால் அதைக் கணிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பிரசாரம்.

அப்புறம் வரிசை. எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடுகிறதோ, அதன் யூகம்தான் மற்ற மாநிலங்களுக்குச் சான்றாகிறது. ஜனநாயகக் கட்சி 2024 பிரைமரிக்கு அயோவாவைத் தள்ளிவிட்டு, கட்சியின் ஆதரவாளர்களைச் சரியாகப் பிரதிபலிக்கிறது என்று தென் கரோலினாவை முதலிடத்தில் வைத்தது. நவம்பரில் யார் ஜெயிப்பார் என்று மற்றவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு அந்த மாநிலத்துக்குப் போனது. அதிபர் தேர்தலில் தென் கரோலினா ஜனநாயகக் கட்சிக்குக் கடைசியாக வெற்றி கொடுத்தது 1976இல்.